ஆளப் பிறந்த விரல்

திருகோணமலையில் அந்த மாதம் பலர் மீன்கறியைக் கரண்டியால் சாப்பிட்டார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரிகிற ஊரில், பாரைமீன் குழம்பைச் சோற்றோடு பிசையாமல் தள்ளித் தள்ளி விழுங்கினார்கள். மீன் நெய் பட்ட விரலில் மூளைக்கோடு மங்கிவிடும் என்று கலாநிதி அகிலேஸ்வரன் சொல்லிவிட்டார். கரண்டிக்குப் பழகாதவர்கள் பருப்போடு நிறுத்திக்கொண்டார்கள். சந்தையில் மீன்காரர்கள் கலாநிதியை வாயாரத் திட்டினார்கள். திட்டி முடித்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு, அவர்களும் வரிசையில் போய் நின்றார்கள்.

வரிசை துறைமுகத்து வீதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் படியில் தொடங்கி, தேத்தண்ணீர்க் கடை, சைக்கிள் கடை எல்லாம் தாண்டிக் கிடந்தது. மூதூரிலிருந்து வந்தவர்கள், கந்தளாயிலிருந்து விடிய வெளிக்கிட்டவர்கள், வேலையில்லாப் பட்டதாரிகள், பட்டதாரிகளை இழுத்து வந்த தாய்மார். மேலே மேசையில் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் விரலை வைத்தால் நீல வெளிச்சம் ஓடும், பெட்டி முனகும். கலாநிதி தன் கணினித் திரையை உற்றுப் பார்த்து, நீங்கள் எந்த அரசாங்க உத்தியோகத்துக்குப் பிறந்தவர் என்று சொல்லுவார். விரல் சரியில்லையென்றால் மனம் உடைய வேண்டாம். செப்பு மோதிரம் இருக்கிறது. அதற்கு விலையும் இருக்கிறது. கலாநிதிப் பட்டம் எங்கே எடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருக்கிற மனிதரிடம் அப்படிக் கேட்பது மரியாதையா?

கௌசிகா, குடாப் படகுச் சேவைச் சபையில் ஆளணி உளவியலாளர். உளவியல் என்ற சொல்லைக் கேட்டதும் ஊரில் பாதிப்பேர் தங்கள் வீட்டு விசரைப் பற்றி அவளிடம் விசாரித்தார்கள். மீதிப்பேர் மனதை வாசித்துவிடுவாளோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளுடைய வேலை இரண்டும் இல்லை. எந்த வேலைக்கு என்ன திறமை வேண்டும், அதை எப்படிச் சோதிப்பது, ஆளை எப்படி எடுப்பது என்று சபைக்கு விதி எழுதுவதுதான் அவள் வேலை. அவள் நம்பிய விஷயம் மிகவும் சாதாரணமானது. ஆளை வேலையைச் செய்யவிட்டுப் பார்க்கவேண்டும். புள்ளி போடுகிறவருக்கு ஆளின் பேர் தெரியக்கூடாது.

படகு மேற்பார்வையாளர் பதவிக்கு அவள் அப்படித்தான் சோதனை வைத்தாள். இறங்குதுறையில் விண்ணப்பக்காரர் தனியே நிற்கவேண்டும். பயணிகள் முண்டியடிப்பார்கள். காற்று எச்சரிக்கை வரும். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய மனிதர் வந்து, தனக்கு அவசரம், படகை விடு என்று அதட்டுவார். எல்லாம் நடிப்புத்தான். நடிப்பென்று தெரிந்தும் பலபேர் படகை விட்டார்கள். மூதூர் நபீஸா மட்டும் படகை மறித்து, சனத்தை இருத்தி, பெரிய மனிதரையும் நிழலில் போய் உட்காரச் சொன்னாள். பேருக்குப் பதிலாகப் போட்டிருந்த இலக்கங்களைப் பிரித்துப் பேரைப் பார்த்தபோது முதலிடத்தில் அவள் இருந்தாள். பயணச்சீட்டுக் கூட்டில் தற்காலிக வேலையில் இருந்தவள். இந்தமுறை தவறினால் வயதெல்லை தாண்டிவிடும். பிறகு அரச வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் சபையின் பணிப்பாளர் கனகசுந்தரம் பெட்டியில் விரல் வைத்தார். ஆளப் பிறந்த விரல் என்று கலாநிதி சொன்னார். அன்றிலிருந்து பணிப்பாளர் கையெழுத்துப் போடமுன் தன் விரலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போட்டார். இனி விரல் வாசிக்காமல் எவரையும் எடுப்பதில்லை, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இதையே விதியாக்கிவிடுவோம் என்றார். தெரிவானவர்களை உடனே கலாநிதியிடம் அனுப்பினார். நபீஸாவின் விரல் குசினி விரலாம், சமைக்கத்தான் சரியாம். கட்டளையிட ஏலாதாம்.

நபீஸா கௌசிகாவின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், மோதிரம் போட்டா விரல் திருந்துமாம். உம்மாட காதுல கிடக்கிறத அடகு வெச்சி வாங்கட்டா?"

"அண்டைக்குப் படகை விரலாலயா மறிச்சனீங்கள்?"

நபீஸா யோசித்தாள். "இல்ல மிஸ். வாயால."

"அப்ப வாய்க்கு ஒரு மோதிரம் இருக்கோ எண்டு கேட்டுப் பாருங்கோ."

நபீஸா சிரிக்கவில்லை. கௌசிகாவுக்கும் அதற்குமேல் பகிடி வரவில்லை.

மறுநாள் காலை சபையின் வாசலில் வழக்கமான கூத்து. வரவு பதிகிற கைரேகை மெஷினில் வாச்சர் ஹஸன் பெருவிரலை வைத்தார். மெஷின் சிவப்பு வெளிச்சம் காட்டியது. தினமும் அப்படித்தான். நிலாவெளியில் பாதி ஆயுளுக்குக் கரைவலை இழுத்தவர். உப்புக் கயிறு ரேகையையெல்லாம் அழித்துவிட்டது. விரல் நுனி கழுவிய கோப்பைபோல வழுவழுப்பாக இருக்கும். அவர் புத்தகத்தில் கையெழுத்து வைப்பது சபை முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனால் இன்று அந்த விரலில் ஒரு செப்பு மோதிரம் மினுங்கியது.

"ஹஸன் நானா, நீங்களும் போனீங்களோ? அந்தப் பெட்டி உங்கட விரலை எடுத்ததோ?"

"ஒரே தரத்தில எடுத்திச்சி மிஸ். இந்த மெஷின்தான் எனக்கு எதிரி. அது நல்ல மெஷின். காவல் காக்கிற விரல் எண்டு சொல்லிச்சி."

"என்ன வேலை எண்டு முதல் கேட்டவையோ?"

"பேர், ஊர், வேலை, வாப்பாட வேலை எல்லாம் கேட்டாங்க. சொல்லாட்டி மெஷின் தொறக்காதாம்."

வாசலில் நின்றபடியே கௌசிகா சிரித்தாள். எல்லாம் சொல்லுகிற விரலாம். பேரை மட்டும் வாய்தான் சொல்லவேண்டுமாம்.

இதைப் பணிப்பாளரிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை, இரக்கப்பட்டார். படித்த பிள்ளைகளுக்கு உயர்ந்த விஞ்ஞானம் விளங்குவது கஷ்டம் என்றார். மனிதன் பிழைவிடலாம், மெஷின் விடாது என்றார்.

"அப்ப மெஷினை நம்பி ஒரு சின்ன வேலை செய்வமோ சேர்? வெள்ளிக்கிழமை நீங்களும் ஹஸன் நானாவும் சீலைக்குப் பின்னால இருங்கோ. உங்கட பேரைச் சொல்லேக்க அவர் விரலை வைக்கட்டும். அவரின்ர பேருக்கு நீங்கள் வையுங்கோ. பெட்டி உங்களைக் கண்டுபிடிக்காமலோ விடப்போகுது?"

பணிப்பாளரின் முகம் மலர்ந்தது. "பிடிச்சுப்போடும் பிள்ளை. பிறகு எல்லாருக்கும் முன்னால நீங்கள் கலாநிதியிட்ட மன்னிப்புக் கேக்கவேணும்."

"கேக்கிறன். பிடிக்காட்டி, நபீஸாவின்ர நியமனத்தில கையெழுத்து வையுங்கோ."

சரி என்றார். விரலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. விண்ணப்பக்காரர், உத்தியோகத்தர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கதிரை கிடைக்காதவர்கள் யன்னலில் தொங்கினார்கள். எனக்கு முகம் தேவையில்லை, விரல் போதும் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் கலாநிதி. அதனால் நடுவில் தொங்கிய பூப்போட்ட சீலையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. பெட்டி சீலைக்குப் பின்னால் போனது. கணினி அவர் முன்னால் இருந்தது.

முதலில் பணிப்பாளர் கனகசுந்தரம் என்று கௌசிகா அறிவித்தாள். சீலைக்குப் பின்னால் ஹஸன் தன் வழுவழுத்த விரலை வைத்தார். பெட்டி முனகியது.

"தெரிந்த விரல்," என்றார் கலாநிதி கண்ணை மூடி. "இந்தச் சுழி கோடியில் ஒருவருக்குத்தான் வரும். ஆளப் பிறந்த விரல். இவர் ஒரு சொல் சொன்னால் குடாவில் அலையும் அடங்கும்."

மண்டபம் கைதட்டியது. ஹஸன் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கலாநிதிக்கு ஒரு சின்னத் தடுமாற்றம், அடுத்ததில் பிடித்துவிடுவார் என்று பணிப்பாளர் ஹஸனின் காதில் கிசுகிசுத்தார்.

அடுத்தது வாச்சர் ஹஸன் என்றாள் கௌசிகா. பணிப்பாளர் தங்க மோதிரத்தைக் கழற்றி, கைலேஞ்சியால் விரலைத் துடைத்து, பக்தியோடு வைத்தார்.

கலாநிதி திரையை அரைக்கண்ணால்தான் பார்த்தார். "நல்ல மனிதர். ஆனால் சொந்தமாக யோசிக்க ஏலாது. ஆர் என்ன சொன்னாலும் செய்வார். பெரிய பொறுப்பு ஒன்றும் கொடுத்துவிடாதீர்கள். கேற்றைத் திறந்து மூட இந்த விரல் போதும்."

சீலை விலகியது. பெட்டியில் விரலை வைத்தபடி பணிப்பாளர் உட்கார்ந்திருந்தார்.

கடல்காற்றின் உப்பு மெஷினுக்குள் போய்விட்டது என்றார் கலாநிதி. காலையில் யாரோ மீன் சாப்பிட்டிருக்கிறார்கள் என்றார். முன்வரிசையில் இருந்த நபீஸா குனிந்து, மேசைக்கடியில் கிடந்த வயரின் நுனியை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"மிஸ், இது ஒண்டுலயும் கொளுவியில்லையே."

பெட்டியிலிருந்து கணினிக்குப் போவதாக இத்தனை நாளும் ஊர் நம்பிய வயர். கௌசிகா பெட்டியைத் திறந்தாள். உள்ளே பற்றரியில் எரிகிற ஒரு நீல பல்ப். முனகுவதற்கு ஒரு விளையாட்டுக் காரின் மோட்டர்.

பணிப்பாளர் மெல்ல எழும்பி வாசலுக்கு நடந்தார்.

"கேற்றை நானே திறக்கிறன் கலாநிதி. நீங்கள் வெளிக்கிடுங்கோ."

வெளிக்கிட முன் மோதிரக் காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. யன்னலில் தொங்கியவர்கள் இறங்கி வழியை மறித்துக்கொண்டார்கள். ஆனால் நியாயத்தைச் சொல்லவேண்டும். இத்தனை வாசிப்பிலும் ஒரேயொரு வரி மட்டும் சரியாக இருந்தது: ஆர் என்ன சொன்னாலும் செய்வார் என்பது. அதைப் பணிப்பாளரிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நபீஸாவுக்கு நியமனம் கிடைத்தது. கிழமை திரும்பமுன் ஒரு காற்று நாளில் பணிப்பாளரே அவசரமாக மூதூர் போக வந்தார். நபீஸா அவரை நிழலில் உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்தார்.

ஊர் மறுபடி மீனைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறது. நிலாவெளியில் காதுமடலைப் பார்த்து உத்தியோகம் சொல்லுகிற ஒருவர் வந்திருக்கிறாராம்; காதைக் கழுவிக்கொண்டு சிலர் பஸ் ஏறியதாகக் கேள்வி. போங்கள். போகிற வழியில், நீட்டச் சொன்ன இடத்திலெல்லாம் நீட்டிய அந்த விரலை ஒருமுறை உயர்த்தி, "எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு மோதிரம் தேவையில்லை.