மைக்கின் மேல் இருந்த இருபது நிமிடங்கள்

எனக்குப் பொறாமைக் குணம் கிடையாது என்று நான் யாரிடமாவது சொன்னால், பக்கத்தில் நிற்கும் என் மனைவி வசந்தி இருமத் தொடங்குவாள். ஆகவே முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பொறாமைக்காரன். அடுத்தவனின் காரையும் வீட்டையும் பார்த்து வயிறெரிகிற சாதாரண ரகம் அல்ல. மொன்றியலில் இன்னொரு தமிழன் அமெச்சூர் ரேடியோவில் பேசத் தொடங்கிவிட்டான் என்பதற்காகச் சோறு இறங்காமல் கிடந்த அபூர்வ ரகம்.

அமெச்சூர் ரேடியோ என்றால் பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. பரீட்சை எழுதி உரிமம் எடுத்து, வீட்டில் ஒரு கருவியையும் வெளியே ஒரு கம்பியையும் வைத்துக்கொண்டு, உலகத்தின் வேறொரு மூலையில் இதேபோலக் குந்திக்கொண்டிருக்கும் இன்னொருவரோடு பேசுவது. பேசி முடிந்ததும் அதற்கு அத்தாட்சியாக ஆளுக்கொரு அட்டை தபாலில் அனுப்பிக்கொள்வோம். ("உதுக்குத்தானேப்பா டெலிபோன் இருக்கு" என்றாள் அப்போது ஒன்பது வயதான என் மகள். பதிலை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.)

இரண்டாவது பொழுதுபோக்கு துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடுவது. கடதாசியில் வட்டம் போட்டு வைத்திருப்பார்கள், அதை மட்டும்தான். துவக்கு உரிமத்துக்கான விண்ணப்பத்தில் மனைவி கையெழுத்துப் போடவும் ஓர் இடம் இருந்தது. வசந்தி அந்த இடத்தை எட்டு மாதம் வெறுமையாக வைத்திருந்தாள்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து அதை ஆசைப்பட்டு வாங்கப்போறன் எண்டுறியளே, உங்களுக்கு விசரோ?"

கடைசியில், துவக்கு பூட்டிய அலுமாரியின் திறப்பு தன் சாவிக்கோர்வையில்தான் தொங்கும் என்ற நிபந்தனையோடு கையெழுத்திட்டாள்.

ரேடியோச் சங்கத்திலும் சரி, சுடுகிற கழகத்திலும் சரி, நான் ஒருவன்தான் தமிழன். நகரத்தின் லாசால் பகுதியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறவனுக்கு வேறு என்ன பெருமை கிடைக்கும்? கியூபெக்காரர்கள் என்னைப் புதினமாகப் பார்ப்பார்கள். என் பெயரைத் தப்பாக உச்சரித்து, பிறகு மரியாதையாக மன்னிப்புக் கேட்பார்கள். இரண்டாயிரங்களின் நடுப்பகுதிவரை சந்தோஷமாக இருந்தேன்.

அப்போதுதான் ரகு வந்தான்.

ரகு கோயம்புத்தூர்க்காரன். மென்பொருள் வேலை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன், பத்துக் கிலோ மெலிந்தவன். வாயைத் திறந்தால் "வாங்கண்ணா, சொல்லுங்கண்ணா" என்று அப்படி ஒரு பணிவு. அவனிடம் கோபிக்க ஒரு காரணமும் கிடைக்காததே எனக்குப் பெரிய கோபமாக இருந்தது. ஊருக்குப் புதிசு, பாவம் என்று நானே அவனை ஒருநாள் சுடும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். எப்படி மூச்சைப் பிடிப்பது, எப்படி விரலை மெதுவாக இழுப்பது என்று அரை மணித்தியாலம் வகுப்பு எடுத்தேன். பிறகு அவன் என் துவக்கால், என் குண்டுகளால், ஐந்து முறை சுட்டான். ஐந்து ஓட்டைகளையும் ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடலாம். என் கடதாசியை மூடுவதற்குச் சட்டையே வேண்டும்.

"எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுங்கண்ணா" என்றான். அன்று இரவுச் சாப்பாடு எனக்குக் கசந்தது.

ரேடியோவிலும் அதே கதைதான். நான் வீட்டுக்காரரோடு சண்டைபிடித்துக் கூரையில் பெரிய அன்டெனா பூட்டியிருந்தேன். அவன் பல்கனியில் ஒரு கம்பியை, பக்கத்தில் காயும் சட்டைகளோடு சட்டையாகக் கட்டிவிட்டு, பிஜித் தீவோடு பேசினான். அந்த வாரம்தான் நான் ஒரு பொய் சொன்னேன். நியூசிலாந்தோடு பேசினேன் என்று. உண்மையில் ஒரு இரைச்சலுக்கு நடுவே யாரோ இருமியதைக் கேட்டேன். அவர் நியூசிலாந்துக்காரராக இருக்க முடியாது என்று யாரால் சொல்ல முடியும்? சங்கத் தலைவர் கஸ்தோன், வெள்ளை மீசை வைத்த ஓய்வுபெற்ற மின்வினைஞர், மகிழ்ந்துபோய்ச் சங்க அறையின் பலகையில் என் பெயரை எழுதினார். அட்டை எப்போது வரும் என்று மாதாமாதம் அன்பாக விசாரித்தார்.

செப்டெம்பரில் வருடாந்தத் தர்ம நடைப்பயணம் வந்தது. ஆற்றங்கரை நெடுகச் சில நூறு பேர் நடப்பார்கள். வழியில் ஐந்து இடங்களில் எங்கள் சங்கத்தார் ரேடியோவோடு நின்று, யாருக்காவது முடியாமற் போனால் தலைமை மேசைக்கு அறிவிப்பார்கள். அந்த மேசையில், தலையில் ஹெட்ஃபோனும் உடம்பில் செம்மஞ்சள் அங்கியுமாக இருக்க நான் மூன்று வருடமாக ஆசைப்பட்டேன். கஸ்தோன் அதை ரகுவுக்குக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். லாசாலில் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நடப்பவர்களில் பாதிப்பேர் அங்கே வந்து சேருவதற்கு முன்பே பஸ் ஏறிவிடுவார்கள்.

அன்று மத்தியானம் வசந்தி புட்டும் மீன்பொரியலும் கட்டிக்கொண்டு வந்தாள். மழை தூறத் தொடங்கியது. இருவரும் காருக்குள் ஏறிக்கொண்டோம். ரேடியோவின் மைக்கை ஆசனத்தில் போட்டுவிட்டு, புட்டுப் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு அதே ஆசனத்தில் இருந்தேன்.

மைக்கின் மேல்தான் இருந்தேன்.

உள்ளங்கை அளவான அந்த மைக்கின் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் நாங்கள் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். அழுத்தியிருக்கும்வரை மற்றவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்காது. அதைவிட மோசம், நாங்கள் விடும்வரை வேறு யாரும் பேசவும் முடியாது. என் எண்பத்தாறு கிலோவும் அந்தப் பொத்தானை மிகுந்த பொறுப்போடு அழுத்திக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்தில் ரேடியோ அமைதியாக இருப்பதைக் கவனித்தேன்.

"பாத்தீரே" என்றேன் வசந்தியிடம். "ஒரு சத்தமில்லை. உவன் ரகுவை மேசையில இருத்தினால் இப்பிடித்தான். பெடியனுக்கு வேலை தெரியாது. சும்மா எடுப்பு."

"அந்தப் பிள்ளை பாவம். போன பனிக்காலம் எங்கட கார் புதைஞ்சு கிடக்க, வந்து நிண்டு கிண்டித் தந்ததெல்லே."

"அதுவும் எடுப்புத்தான். எனக்கு முதுகு பிடிச்சிருக்கெண்டு ஊருக்குக் காட்டத்தான் வந்தவன். பிஜியோட கதைச்சானாம். கம்பியில சட்டை காயப்போட்டால் பிஜி வருமோ? சுட்டதும் குருட்டுவாக்கில பட்டது. பெரிய விண்ணன். உந்தக் கஸ்தோனுக்கு மீசை மட்டுந்தான் இருக்கு, உள்ளுக்க ஒண்டுமில்லை. கஸ்தோன் உவன்ர 'ங்க, ங்க'வில மயங்கிப்போனார்."

இப்படிக் கஸ்தோனின் பெயரைப் பதினொரு தரம் சொன்னேனாம். பிறகு எண்ணியவர்கள் சொன்னார்கள்.

வசந்தி ஒரு மீன்துண்டை முள் எடுத்து என் பெட்டியில் வைத்தாள். "இஞ்சேருங்கோ, நான் ஒண்டு கேக்கிறன். நீங்கள் நியூசிலாந்தோட கதைச்சனீங்களோ?"

"ஏன் கேக்கிறீர்?"

"அண்டைக்கு நான் பக்கத்து அறையில உடுப்பு மடிச்சுக்கொண்டிருந்தனான். ஒரு இருமல்தான் கேட்டது."

நான் கொஞ்ச நேரம் புட்டைப் பிசைந்தேன். "நியூசிலாந்து பொய்தான்" என்றேன். "அவன் பிஜி எண்டான். நான் பேந்து என்ன செய்ய? பக்கத்தில கிடக்கிற கிங்ஸ்டன் எண்டே சொல்லுறது?"

அவள் சிரிக்கவில்லை. "அவனிட்டக் கேட்டால் அந்தக் கம்பியை எப்பிடிக் கட்டிறதெண்டு சொல்லித் தந்திருப்பான். உங்களுக்குக் கேக்க வாய் வராது" என்றாள். அது உண்மை என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. மேலும் சில வார்த்தைகள் சொன்னேன். அவற்றை இங்கே எழுதவில்லை. மொன்றியல் முழுவதும் கேட்டது போதும்.

மழைத்திரைக்கு நடுவே இரண்டு பேர் வருவது அப்போதுதான் தெரிந்தது. முன்னால் கஸ்தோன். மீன்முள் போன்ற ஒரு அன்டெனாவைத் துவக்கைப் போலத் தோளில் வைத்து நீட்டியபடி, ஓரடி வலம் ஓரடி இடம் என்று திருப்பித் திருப்பி வந்து, கடைசியில் அதன் நுனியை என் கார்க் கண்ணாடிக்கு நேரே நிறுத்தினார். பின்னால் செம்மஞ்சள் அங்கியில் ரகு.

(என் குரலின் முதல் வசனத்திலேயே ஆள் யார், இடம் எது என்று ரகு சொல்லிவிட்டானாம். ஆனால் ஒளிந்திருக்கும் ரேடியோவைக் கண்டுபிடிக்கும் அந்த அன்டெனாவைக் கஸ்தோன் தன் கையால் செய்து, ஒரு சந்தர்ப்பத்துக்காக ஆறு வருடம் காத்திருந்தவர். விடுவாரா? எனக்கு போன் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ரேடியோக்காரன் செல்போன் வைத்திருப்பது அவமானம் என்பது அந்த நாளில் என் கொள்கை.)

கண்ணாடியை இறக்கினேன்.

"பொன்ஜூர்" என்றார் கஸ்தோன். "தயவுசெய்து எழும்புங்கள்."

எழும்பினேன். உடனே ரேடியோவிலிருந்து ஐந்தாறு குரல்கள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. மூன்றாம் இடத்தில் ஒரு மூதாட்டி கால் பிரண்டு விழுந்திருக்கிறார். ரேடியோவில் அறிவிக்க வழியில்லாமல், அங்கே நின்ற எங்கள் ஆள் அருகில் இருந்த தெப்பன்னர் என்கிற பெட்டிக்கடைக்கு ஓடிப்போய் போன் செய்திருக்கிறார். நல்லவேளை, மூதாட்டிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அதுவரை என் மானம் மட்டும்தான் போனது என்று நினைத்திருந்தேன்.

கஸ்தோன் ரகுவின் பக்கம் திரும்பினார். "என் பெயர் நிறையத் தரம் வந்தது. என்ன சொன்னார்?"

அந்த நகரத்தின் ரேடியோக்காரர்களில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு ஆங்கிலத்தில் சொன்னான்: "உங்கள் மீசை மிகவும் கம்பீரமாக இருக்கிறதாம்."

கஸ்தோன் மீசையைத் தடவினார். "நியூசிலாந்து என்றும் கேட்டதே?"

ரகு வாயைத் திறந்தான். எனக்காக இன்னொரு பொய்யைத் தேடுகிறான் என்று அவன் முகத்தில் தெரிந்தது. பல்கனிக் கம்பியையும், சட்டைப் பொத்தானையும் தாங்கிய என் மனம் அதை மட்டும் தாங்கவில்லை. நல்லவனாக இருப்பதிலும் அவனே என்னை வெல்வதா?

"அது பொய்" என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில். "நான் நியூசிலாந்தோடு பேசவில்லை. பலகையில் இருக்கும் என் பெயரை அழித்துவிடுங்கள்."

கஸ்தோன் அன்டெனாவைக் கீழே இறக்கினார். என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டு நடந்தார். ரகு மட்டும் நின்றான்.

"ரகு, நான் சொன்னதெல்லாம்..."

"பரவால்லீங்கண்ணா. பாதி இரைச்சலுங்க" என்றான். இரைச்சல் இருக்கவில்லை, எனக்குத் தெரியும். "ஒரே ஒரு வார்த்தைதானுங்க புரியலை. விண்ணன்னா என்னங்கண்ணா?"

"கெட்டிக்காரன்" என்றேன். அகராதிப்படி அது சரிதான்.

அவன் முகம் மலர்ந்தது. வசந்தி மிச்சப் புட்டை ஒரு பெட்டியில் போட்டு அவன் கையில் கொடுத்தாள். அடுத்த சனிக்கிழமை அவன் வந்து என் கூரை அன்டெனாவைக் கழற்றிவிட்டு ஒரு கம்பியைக் கட்டித் தந்தான். நான் கேட்டுத்தான் வந்தான். கேட்பதற்கு எனக்கு நான்கு நாள் எடுத்தது.

ஆனால் பெரிய விளைவு வேறு. அன்று என் புலம்பலுக்கு நடுவே கேட்ட பெண்குரல் யாருடையது என்று சங்கத்தில் எல்லோரும் விசாரித்தார்கள். அவ்வளவு தெளிவான, பதற்றமில்லாத குரல் ரேடியோவுக்கென்றே செய்தது என்றார் கஸ்தோன். அடுத்த வருடம் வசந்தி பரீட்சை எழுதினாள். என்னைவிட ஒன்பது புள்ளி கூட. அதற்கடுத்த நடைப்பயணத்தில் தலைமை மேசையில் அவள்தான் இருந்தாள், செம்மஞ்சள் அங்கியோடு. எனக்கு ஐந்தாம் இடம். நியூசிலாந்தோடு அவள் இதுவரை நான்கு தரம் பேசிவிட்டாள்.

எங்கள் வீட்டில் யாராவது யாரைப் பற்றியாவது குறைசொல்லத் தொடங்கினால், "முதல்ல எழும்பிப் பாருங்கோ" என்பாள் மகள். சொந்தக்காரர்களுக்குப் பரவி, அவர்கள் வழியாக அது எங்கெல்லாமோ போய்விட்டது. அண்மையில் டொராண்டோவில் ஒரு கல்யாண வீட்டில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் மாப்பிள்ளையின் தாயைப் பற்றிக் கதைக்க ஆயத்தமானார்கள். ஒருத்தி எழும்பிக் கதிரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் இருந்தாள்.

"ஏன் அப்பிடிப் பாக்கிறீங்கள்?" என்று திரும்பிக் கேட்டேன்.

"அந்தக் கதை தெரியாதே உங்களுக்கு? மொன்றியலில ஒரு ஆள் மைக்குக்கு மேல ஏறி இருந்துகொண்டு..." என்று முழுவதையும் எனக்குச் சொன்னாள். அவள் கதையில் இருபது நிமிடம் இரண்டு மணித்தியாலமாகி, பொலிசும் வந்திருந்தது.

"ஆர் அந்த ஆள்?" என்றேன்.

"அது தெரியாது" என்றாள். "ஆனா மனிசி நல்ல கெட்டிக்காரியாம்."