பாதிக்கு மேலே ஒரு நூல்

"ஏசியை அணைச்சிட்டேன்" என்றார் டர்போ.

"அது தெரியுது. ஹீட்டரை எதுக்குப் போட்டீங்க?" என்றாள் மனைவி.

சிக்னலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. காரின் கண்ணாடிகள் எல்லாம் இறங்கியிருந்தன. வெளியிலிருந்து லாரிப் புகை, உள்ளேயிருந்து அனல் காற்று. இரண்டுக்கும் நடுவில் மனைவி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ஜின் சூட்டை உள்ள இழுத்துக்கறதுக்கு. டெம்பரேச்சர் ஊசியைப் பாரு, பாதியைத் தாண்டிருச்சு."

அவள் எட்டிப் பார்த்தாள். ஊசி பாதிக்கு மேலே ஒரு நூல் தள்ளி நின்றது.

"அது எப்பவும் அங்கதாங்க நிக்கும். நான் ஓட்டறப்பவும் அங்கதான் நின்னுச்சு."

டர்போ சிரித்தார். விவரம் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே அவரிடம் ஒரு சிரிப்பு இருந்தது.

"நீ ஓட்டின வண்டி வேற. இப்ப இருக்கற வண்டி வேற."

டர்போ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கார்ப் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் தனக்குத்தானே சூட்டிக்கொண்டது. பிழைப்புக்கு அவர் ஒரு குளிர்பதனக் கிடங்கின் மேலாளர். லாரி லாரியாக வந்து இறங்கும் ஆப்பிளும் மீனும் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. இத்தனை டன் மீனைக் குளிர வைக்கிறவனுக்கு ஒரு என்ஜினைக் குளிர வைக்கத் தெரியாதா என்கிற திமிர் அங்கிருந்து வந்தது.

கார் பழையதுதான், ஆனால் வேகத்துக்குப் பெயர் போன ரகம். போன மாதம் அதை ஊருக்கு வெளியே இருந்த ஒரு டியூனிங் கம்பெனியில் விட்டார். என்ஜினின் மூளைக்குள் இருக்கும் கணக்கை லேப்டாப்பை வைத்து மாற்றி, உள்ளே தூங்கிக் கிடக்கும் குதிரைகளைத் தட்டி எழுப்பிவிடுவார்களாம். சாயங்காலம் போனபோது இன்ஜினியர் கிளம்பிவிட்டிருந்தார். வாசலில் காவலாளி மட்டும் இருந்தார்.

"வண்டி ரெடியாண்ணே?"

"ரெடி சார். இப்பதான் தொடச்சு நிறுத்துனாங்க" என்று அவர் சாவியை நீட்டினார்.

கேட்டைத் தாண்டி ஆக்ஸிலரேட்டரை மிதித்ததுமே டர்போவின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழுவில் எழுதினார்: "நண்பர்களே, இது நேற்றைய கார் அல்ல. பழைய காரை ஓட்டிய நாட்களை நினைத்து வெட்கப்படுகிறேன்."

பாராட்டாக நெருப்பு எமோஜிகள் வந்து குவிந்தன. ஒரே ஒரு ஆசாமி மட்டும், "பவர் ஏறினா சூடும் ஏறுமே, டெம்பரேச்சர் எப்படி?" என்று கேட்டுவிட்டான். அதுவரை அந்த ஊசியை டர்போ ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து ரோட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் பரவாயில்லை. மனைவிக்கு வங்கியில் வேலை. மேலாளர் பதவிக்கான நேர்முகத் தேர்வு, மலைமேல் இருக்கும் மண்டல அலுவலகத்தில். ஏற்கெனவே இரண்டு முறை அந்தப் பதவி அவள் கைக்கு வந்து நழுவிப் போயிருந்தது. இந்த முறை அவள் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

"நான் காலைல மொத பஸ்ஸப் புடிச்சுப் போயிடறேங்க."

"பஸ்ஸா? வீட்ல இப்படி ஒரு வண்டிய வச்சுக்கிட்டு நீ பஸ்ல போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நேரத்துக்குப் போய்ச் சேந்தாள்னு சொல்லுவாங்க."

"நான் கூட்டிட்டுப் போறேன். ராணி மாதிரி போய் எறங்கு."

அவள் கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். பிறகு மெதுவாக, "இந்த ஒரு தடவை மட்டும் எதுவும் தப்பாகக் கூடாதுங்க" என்றாள். அவள் இப்படிக் கெஞ்சி அவர் பார்த்ததே இல்லை. அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. அந்த ஊசியைப் பாதிக்குக் கீழே கொண்டுவராமல் ஓய்வதில்லை என்று முடிவு செய்தார்.

பட்டறை தெருமுனையிலேயே இருந்தது. பட்டறைக்காரர் நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

"அண்ணே, பெரிய ரேடியேட்டர் போடணும். அதோட என்ஜின் ஆயிலக் குளிர வைக்கத் தனியா ஒரு கூலர்."

"பண்ணிரலாம் சார்."

பண்ணினார். பெரிய ரேடியேட்டர் எப்படியோ அடங்கி உட்கார்ந்துவிட்டது. ஆயில் கூலருக்குத்தான் இடமில்லை. முன் பம்பருக்குக் கீழே, நாக்கைத் தொங்கப் போட்ட மாதிரி தொங்கியது. ஊசி பாதிக்கு ஒரு நூல் கீழே இறங்கியது. டர்போ அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, வெற்றியோடு குடியிருப்பு வாசலுக்குள் திருப்பினார். வேகத்தடையில் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டார்.

"இறங்கி வந்து கூலரைத் தடவிப் பார்த்தீங்களே, என்னைக்காவது எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இப்படித் தொட்டுப் பாத்திருக்கீங்களா?" என்றாள் மனைவி, மாடியிலிருந்தே.

மறுநாள் மறுபடியும் பட்டறை.

"அண்ணே, அடியில ஒரு தகடு வேணும். கல்லு, மேடு, பள்ளம், எது வந்தாலும் என்ஜின் மேல ஒரு கீறல் விழக் கூடாது."

"பண்ணிரலாம் சார். கனமாவா, லேசாவா?"

"கனமாவே போடுங்க. மலைக்குப் போகப் போறோம்."

இரும்புக் கடையில் கதவு செய்ய வைத்திருந்த தகட்டை வாங்கி வந்து, வெட்டி, வளைத்து, முன் பம்பரிலிருந்து கியர்பாக்ஸ் வரைக்கும் மூடிவிட்டார் பட்டறைக்காரர். இப்போது வேகத்தடையில் கார் உரசினால் வேகத்தடைதான் பெயர்ந்து வந்தது. டர்போவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ரேடியேட்டர் வழியாக உள்ளே வருகிற சூட்டுக் காற்று கீழ்ப்பக்கமாகத்தான் வெளியே போயாக வேண்டும் என்பதும், அந்த வழியைத்தான் தாம் இரும்புக் கதவு போட்டு அடைத்திருக்கிறோம் என்பதும், ஊசி முதல் முறையாக முக்கால்வாசிக்குப் போனபோதுதான் உறைத்தது. குளிர்பதனக் கிடங்கில் காற்றோட்டம் பற்றிப் புதியவர்களுக்கு வகுப்பெடுக்கிறவர் அவர்தான்.

"நீங்க சொன்ன மாதிரியே ஊசி நகந்துருச்சுங்க" என்றாள் மனைவி. பாராட்டா கேலியா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அண்ணே, தகட்டில ஓட்டை போடணும்."

"பண்ணிரலாம் சார்."

ஓட்டைகள் விழுந்தன. ஓட்டைக்குள் காற்று புகுந்ததும் கார் ஊளையிட ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் முனகல், வேகமாகப் போனால் ஒப்பாரி. பின்னால் ஆம்புலன்ஸ் வருகிறதென்று நினைத்து எல்லோரும் வழிவிட்டார்கள். டர்போ அதைத் தமக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார். ஊசி மட்டும் வழிவிடவில்லை.

அடுத்தது மின்விசிறி. இரண்டு ராட்சத விசிறிகள். வண்டியை அணைத்த பிறகும் அவை நிற்காமல் சுற்றின. "சார், உங்க கார் பறக்கப் போகுதா?" என்று வாட்ச்மேன் ஓடி வந்தார். விடிந்து பார்த்தால் பேட்டரி செத்துக் கிடந்தது. அதற்காக லாரிக்குப் போடும் பேட்டரி ஒன்று வந்தது. இத்தனை இரும்பையும் சுமந்து காரின் முன்பக்கம் மண்டியிட்டுவிட்டது. தகடு தரையைத் தேய்த்தது. முன் ஸ்பிரிங்குகளைத் தூக்கினார்கள். இப்போது கார் வானத்தைப் பார்த்து நின்றது. சாயங்காலம் விளக்கைப் போட்டால் மூன்றாவது மாடிக்காரர் ஜன்னலைத் திறந்து திட்டினார்.

"பட்டறை அண்ணன் ஒரு தடவையாவது 'வேணாம் சார்'னு சொல்லலாமில்ல?" என்றாள் மனைவி.

"அவருக்கு நம்மள நம்பித்தான் பொழப்பு."

"அப்ப நான் யாரை நம்பி இருக்கேன்?"

டர்போவின் அந்தச் சிரிப்பு இந்தச் சமயம் பார்த்துக் கைகொடுக்கவில்லை. 'ஒரு நூலுக்கு இவ்வளவு பாடா, முட்டாளே' என்று கண்ணாடியில் தெரிந்த மனிதரைப் பார்த்துத் திட்டினார். ஆனால் திட்டி முடித்ததும் என்ன செய்தார்? குழுவைத் திறந்து, இரட்டை ரேடியேட்டர் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினார்.

இதற்கு நடுவில் டியூனிங் கம்பெனியிலிருந்து அடிக்கடி போன் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் டர்போ துண்டித்தார்.

"யாருங்க?"

"டியூனிங்காரங்க. அஞ்சு ஸ்டார் குடுங்கம்பாங்க. வேற வேலையில்ல."

தேர்வு நாளும் வந்தது. மனைவி கஞ்சி போட்ட பருத்திப் புடவையும் கையில் ஒரு கோப்புமாக வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். மேல்நோக்கி நின்ற மூக்கு, கீழே இரும்பு வயிறு, உள்ளே ராட்சத விசிறிகள்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. பஸ் இருக்கு" என்றாள்.

"என்னை நம்பு."

அவள் ஏறினாள். அந்த ஏறலில் நம்பிக்கை இருந்ததா, இத்தனை வருஷப் பழக்கம் இருந்ததா என்று சொல்ல முடியாது.

சமவெளியில் கார் ஊளையிட்டபடி நன்றாகத்தான் ஓடியது. மலையடிவாரத்தில் ஒரு பஸ்ஸை முந்தியபோது டர்போ கண்ணாடி வழியாகக் காட்டினார். "பாத்தியா? நீ போறேன்னு சொன்ன பஸ். இனிமே அது நம்ம கண்ணுலயே படாது."

மூன்றாவது வளைவில் மலையிலிருந்து உருண்டு விழுந்த கல் ஒன்று ரோட்டில் கிடந்தது. பெரிய கல்லெல்லாம் இல்லை. சாதாரணக் கார் அதை இரண்டு சக்கரத்துக்கு நடுவில் விட்டுத் தாண்டிப் போயிருக்கும். டர்போவும் அப்படித்தான் விட்டார். ஆனால் அடியில் தொங்கிய தகட்டின் விளிம்பு கல்லில் மாட்டியது.

'டங்.'

பிறகு ஒரு பெருமூச்சு. வெள்ளையாக ஆவி கிளம்பி முன்கண்ணாடியை மறைத்தது. இறங்கிக் குனிந்து பார்த்தால், என்ஜினைக் காப்பாற்ற வைத்த தகடு உள்பக்கமாக மடிந்து ஆயில் கூலரையும் பெரிய ரேடியேட்டரையும் ஒரே குத்தில் கிழித்திருந்தது. பச்சைத் தண்ணீரும் கறுப்பு எண்ணெயும் ரோட்டில் கைகோத்து ஓடின. விசிறிகள் மட்டும் விசுவாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

டர்போ மடிந்த தகட்டைப் பார்த்தார். மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அதுதான் பயமாக இருந்தது.

கீழ் வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. பஸ். அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு, கோப்பை இடுக்கிக்கொண்டு, நடுரோட்டில் நின்று கையைக் காட்டினாள். படியில் கால் வைத்தபோது திரும்பினாள்.

"தண்ணி பாட்டில் பின் சீட்ல இருக்கு. வண்டிக்கு ஊத்தாதீங்க. நீங்க குடிங்க."

பஸ் போய்விட்டது. டர்போ ரோட்டோர மைல் கல்லின் மேல் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் தம் மேல் அவ்வளவு வெறுப்பு அவருக்கு வந்ததில்லை. அவள் நேரத்துக்குப் போக வேண்டும் என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டார். கார் வாங்கிய பிறகு, கார் சம்பந்தமில்லாமல் அவர் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டார். "அண்ணே, தகடு ரேடியேட்டரக் கிழிச்சிருச்சு."

"பண்ணிரலாம் சார்."

காரை இழுத்துப் போகும் வண்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். வெயில் ஏறியது. வழியில் போனவர்களெல்லாம் வண்டியை நிறுத்தி, காரைப் பார்த்து, "இது என்ன ரகம் சார்?" என்று கேட்டார்கள். அவருக்கே தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் போனில் மனைவியின் குரல் வந்தது.

"கெடச்சிருச்சுங்க!"

"நெஜமாவா?" டர்போ கல்லை விட்டு எழுந்தார். "நேரத்துக்குப் போயிட்டியா?"

"சீக்கிரமே போயிட்டேன். இன்னொண்ணு கேளுங்க. இந்தப் பதவிக்கு ஆபீஸ் காரும் குடுக்கறாங்களாம், டிரைவரோட."

"என்ன கார்?"

"எந்தக் காரா இருந்தா என்னங்க? அதுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு ரூல் இருக்காம்."

டர்போ வாய்விட்டுச் சிரித்தார். இந்த முறை தம்மைப் பார்த்துத்தான். பவரைக் கேட்டு வாங்கினோம், பவர் வந்தால் இந்த இம்சையும் வரத்தான் செய்யும், கொஞ்ச நாளாவது ஒரு அசுரனை ஓட்டினோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மறுபடி போன் அடித்தது. இழுவை வண்டிக்காரன்தான் என்று நம்பரைப் பார்க்காமல் எடுத்தார்.

"அண்ணே, மூணாவது வளைவுல நிக்கறேன், சீக்கிரம் வாங்க."

"சார், நாங்க டியூனிங் கம்பெனியிலேருந்து பேசறோம்" என்றது ஒரு பெண் குரல். "பல தடவை கூப்பிட்டோம், நீங்க எடுக்கவே இல்ல."

"என் வாழ்க்கையிலயே மறக்க முடியாத வேலை பண்ணிக் குடுத்தீங்கம்மா. அஞ்சு ஸ்டார் போட்டுக்கோங்க."

"தேங்க்ஸ் சார். ஆனா அன்னைக்கு எங்க மெஷின் ரிப்பேர்னு உங்க காரத் தொடவே இல்லையே, வாட்டர் வாஷ் மட்டும் பண்ணித்தானே அனுப்பினோம்? இப்ப மெஷின் சரியாயிடுச்சு, டியூனிங்குக்கு வண்டிய எப்ப சார் கொண்டு வர்றீங்க?"