அண்ணிக்கு ஒரு முதல் எச்சரிக்கை

கேம்பல் லேன், சிங்கப்பூர்
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய அண்ணி பஞ்சவர்ணம் அவர்களுக்கு,

உங்கள் கொழுந்தனும், இந்தக் கடிதத்தைப் பொறுத்தவரை உங்கள் முதலாளியுமான ரகுபதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் ஓரகத்தி சுதா, யாமினி மூவரும் நலம். அங்கே நீங்களும் அண்ணனும் நலமா என்று கேட்க ஆசைதான். ஆனால் எச்சரிக்கைக் கடிதத்தில் நலம் விசாரிக்கக் கூடாதாம். யாமினிதான் சொன்னாள். பெரிய கம்பெனியில் ஊழியர் விவகாரங்களைப் பார்க்கிற பெண், அவளுக்குத் தெரியாதா? "அப்பா, பெரியம்மா வாயால சொன்னா கேக்க மாட்டாங்க. ஃபர்ஸ்ட் வார்னிங் லெட்டர் குடுங்க. தப்பு, தேதி, கையெழுத்து, அவ்வளவுதான் லா. பாசத்தையெல்லாம் வீட்ல வச்சுக்குங்க" என்றாள். ஆகவே நலம் விசாரிக்கவில்லை. முழங்கால் வீக்கம் குறைந்ததா என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

முதல் குற்றம், நேரம். நம் பாத்திரக்கடைக்கு நீங்கள் வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வேலை விதிமுறைகளை எழுதித் தராமல் இருப்பது சட்டப்படி தப்பு என்று யாமினி பயமுறுத்தியதால், மூன்று மாதத்துக்கு முன்பு இரண்டு பக்கம் அடித்துக் கொடுத்தேன். நீங்கள் அதைப் படிக்கவில்லை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டீர்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்றால், வேலை நேரம் காலை பத்து முதல் மாலை ஆறு, புதன்கிழமை ஓய்வு. நீங்களோ ஆங் மோ கியோவில் விடிகிற நேரத்துக்கே பஸ் ஏறி ஏழரைக்கெல்லாம் கடையைத் திறந்துவிடுகிறீர்கள். போன புதன்கிழமை சுதா கடையைத் திறந்து வைத்திருக்க, "இன்னிக்கு நான் வேலைக்கு வரலை தம்பி, சாமான் வாங்க வந்திருக்கேன்" என்று கையில் பையோடு உள்ளே நுழைந்தீர்கள். வாடிக்கையாளராயிற்றே என்று நானும் நாற்காலி போட்டுக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். காப்பி ஆறுவதற்குள் மூன்று இட்லிப் பானையும் ஒரு டிபன் கேரியரும் விற்றுவிட்டீர்கள்.

இரண்டாவது குற்றம், வியாபாரத்தைக் கெடுத்தது. பொங்கோலில் புது வீடு வாங்கிய ஒரு ஜோடி வந்து, அண்டாவிலிருந்து ஜல்லிக்கரண்டி வரை பட்டியல் போட்டுக் கேட்டார்கள். நான் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்த ஐந்து நிமிஷத்தில் நீங்கள் அந்தப் பெண்ணிடம், "ரெண்டு பேருக்கு எதுக்கும்மா அண்டா? பால் காய்ச்ச ஒரு பாத்திரம், சோறு வடிக்க ஒண்ணு போதும். ஆள் கூடினதும் வா" என்று சொல்லிவிட்டீர்கள். இரண்டே பாத்திரத்தோடு கிளம்பிய அந்தப் பெண் போகும்போது உங்களைக் கட்டிக்கொண்டாள். முப்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் ஒருத்தர் கைகூடக் குலுக்கியதில்லை.

மூன்றாவது குற்றத்துக்கு வருகிறேன். இதை யாமினி சொன்ன மாதிரி மூன்று வரியில் எழுத முடியவில்லை. நேற்றுக் காலை அண்ணன் போன் செய்தார். "டேய் ரகு, உங்க அண்ணி சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறா. கேட்டா பஸ்ல பிரேக் போட்டான்கறா. எனக்கு என்னமோ சரியாப் படலை" என்றார். எனக்கும் படவில்லை. கடைக் கேமராவில் சனிக்கிழமை பதிவைப் போட்டுப் பார்த்தேன். நான் தேக்கா சந்தையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த நேரம். நீங்கள் ஏணியில் ஏறி மேல்தட்டு அண்டாவை இழுக்கிறீர்கள், ஏணி ஒரு பக்கம் சாய்கிறது, அண்டாவோடு கீழே விழுகிறீர்கள். விழுந்ததும் யாராவது பார்த்தார்களா என்று வாசலைப் பார்க்கிறீர்கள். பிறகு அண்டாவைத் திருப்பித் திருப்பி எங்கேயாவது நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறீர்கள். முந்தானையால் துடைத்து ஓரமாக வைக்கிறீர்கள். அதற்கப்புறம்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறீர்கள். இரண்டாவது தடவை போட்டேன், முழுசாகப் பார்க்க முடியவில்லை.

வேலையிடத்தில் அடிபட்டால் உடனே முதலாளியிடம் சொல்ல வேண்டும் அண்ணி, அதுதான் முறை. ஏன் சொல்லவில்லை என்று நேற்றுக் கடையில் கேட்டதற்கு, "சொன்னா, வயசாயிடுச்சு, வீட்ல இருங்கன்னு நிறுத்திடுவே. அந்த நாலு சுவத்துக்குள்ள உட்கார்ந்து உங்க அண்ணனோட சீரியல் பார்க்கவா?" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்தில் கடைச் சாவியைக் கேட்டேன். நீங்கள் மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். இன்று பத்து மணி தாண்டியும் வரவில்லை. நானே கடையைத் திறந்தேன். விளக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருட்டில் கால் மணி நேரம் தடவினேன். பூன் லேயிலிருந்து வந்த கப்பல் பட்டறைத் தம்பி ஒருவர் சாப்பாட்டு டப்பா கேட்டார். விலை தெரியாமல் விழித்தேன். "அக்கா இல்லையா? அப்ப நாளைக்கு வர்றேன்" என்று போய்விட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோபம் உங்கள்மேல் இல்லை. அந்த ஏணியின் கால் ஒடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. புதிது வாங்காமல் கம்பியால் கட்டி வைத்தவன் நான். நீங்கள் ஏழரைக்கு வருவதும் எனக்குத் தெரியும். திறந்த கடைக்குள் சுகமாக நுழைவது பழகிப்போனதால், பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆகவே முதலாளி என்ற முறையில் எச்சரிக்கிறேன். நாளைக் காலை யாமினி உங்களை டாக்டரிடம் அழைத்துப் போவாள், மறுக்கக் கூடாது. செலவு கடையுடையது. டாக்டர் எத்தனை நாள் லீவு சொல்கிறாரோ அத்தனை நாளும் சம்பளம் உண்டு. அதன் பிறகு பத்து மணிக்கு வர வேண்டும். சாவி என்னிடமே இருக்கும். ஏணியை இன்று காலை குப்பையில் போட்டுவிட்டேன். மேல்தட்டுச் சாமான்களை எல்லாம் கீழே இறக்கிவிட்டேன், கடைக்குள் நடக்கத்தான் இடமில்லை.

அண்ணனுக்கு என் வணக்கம். சர்க்கரை மாத்திரையை ஒளித்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வீரமாகாளியம்மன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்களுக்குக் கீழ்ப்படிந்த முதலாளி,
ரகுபதி

பி.கு.: யாமினி இதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இது வார்னிங் லெட்டர் இல்லப்பா, உங்க வாக்குமூலம். பெரியம்மா இதை மனிதவள அமைச்சுல குடுத்தா மாட்டிக்கிறது நீங்கதான். கிழிச்சுப் போடுங்க" என்றாள். கிழிக்கவில்லை. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணி. என்றைக்காவது நான் உங்களை வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னால், இதை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போங்கள். அவர்கள் சந்தேகப்படக் கூடாது என்று கையெழுத்துக்குப் பக்கத்தில் கடை முத்திரையும் குத்தியிருக்கிறேன்.