தார் பூசிய தேர்வடம்

தண்டையார்ப்பேட்டை,
2-5-1953

மகாராஜராஜஸ்ரீ அத்தான் சங்கரநாராயணன் அவர்கள் சமூகத்துக்கு மைத்துனன் தங்கப்பாண்டி எழுதிக்கொண்டது. அம்மன் புண்ணியத்தில் நானும் என் சம்சாரம் சீனியம்மாளும் சுகம். கடிதத்தின் ஓரத்தில் கறுப்பைக் கண்டு அக்கா ஒப்பாரி வைக்க வேண்டாம். சாவுச் சேதி அல்ல, தார்.

பன்னிரண்டு வருஷமாகப் பழைய கப்பல் சாமான் விற்றும் இந்தப் பேட்டைக்கு நான் இன்னும் 'தெற்கத்தியான்'தான். இங்கே அம்மன் தேருக்கு வடம் கொடுக்கிறவனுக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டுவார்கள். அதைத் தலையில் ஏற்றிவிட்டால் எவனும் வாய் திறக்க மாட்டான் என்று வடத்தை நான் ஏற்றுக்கொண்டேன். தேங்காய்நார் வடம் போன வருஷம் பாதித் தெருவில் அறுந்தது. கப்பலையே கட்டுகிற கயிறு தேரை இழுக்காதா என்று கடையில் கிடந்த தார்க் கயிற்றையே கொடுத்துவிட்டேன். என் மூளை நன்றாகத்தான் வேலை செய்தது. சித்திரை வெயில் அதைவிட நன்றாக வேலை செய்தது. ரெண்டாம் தெரு திரும்புறதுக்குள்ள தார் இளகி அத்தனை பேர் கையும் வடத்தோட ஒட்டிப்போச்சு. மண்டகப்படிக்காரங்க வாசலுக்கு வாசல் தேர் நிக்கணும், தீபாராதனை ஆகணும், சனங்க வடத்தைக் கீழே போட்டு மோர் குடிக்கணும். எங்கே போடுறது? முன்னால் இழுத்த ஹார்பர் கூலி துரை கத்துறான்: "நைனா, கை வர்ல! இன்னாத்த பூசிக் குட்த்த?"

"மண்ணெண்ணெய் போட்டாப் போயிடும்பா!"

"அது எங்க கீது?"

"தேர்நிலைக்குப் பக்கத்துல, என் கடையில."

சொன்னதுதான் தப்பு. "இஸ்துகினு ஓடுங்கடா!" என்றான். அத்தான், தேர் நகர்ந்துதான் பார்த்திருக்கேன், அன்னிக்கு ஓடுச்சு. முட்டுக்கட்டை போடுறவங்க கட்டையைத் தூக்கிக்கிட்டுப் பின்னால ஓடுறாங்க, மேலே குருக்கள் தூணைக் கட்டிப் பிடிச்சு "அம்மா, அம்மா"ங்கிறார், அம்மனையா பெத்தவளையா தெரியல, ஏழு மண்டகப்படிக்காரங்களும் கற்பூரத் தட்டோட தேரைத் துரத்துறாங்க. பொழுது சாய நிலைக்கு வரவேண்டிய தேர் மில்லில் மத்தியானச் சங்கு ஊதுமுன் வந்துட்டுது.

தர்மகர்த்தா எத்திராஜ் முதலியார் என்னோடு பேசவில்லை. முதலில் ஒட்டின கை அவருடையது. பரிவட்டம் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. அபராதமாக நார் வடம் ஒன்று கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன், அங்கிருந்து அனுப்பவும். நீங்கள் இப்போது வர வேண்டாம், உங்கள் முகத்தில் விழிக்க முடியாது. அக்காவுக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பும்போது முதலியார் வந்தார். "வருசா வருசம் ரெண்டாந் தெருவுலயே பாதிப் பேரு வடத்த வுட்டு நழுவிடுவான். இந்த வருசம் ஒருத்தன் நழுவலியே! இனிமே உன் வடந்தான்யா" என்றார். மண்டகப்படிக்காரர்களுக்கும் சம்மதம்; அவரவர் வாசலில் மண்ணெண்ணெய் வைத்துத் தேரை நிறுத்திக்கொள்வார்களாம். வெள்ளிக்கிழமை எனக்குப் பரிவட்டம். நார் வடம் வேண்டாம், அக்காவோடு உடனே புறப்பட்டு வரவும்.