இரண்டு கோடு போட்ட பலாக்கொட்டை மாவு

கடலூர்,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் சிங்காரம் அவர்களுக்கு, திருநாவுக்கரசு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் தங்கை அமராவதி, மகள் வெண்மதி மூவரும் நலம். வழக்கத்துக்காக எழுதவில்லை, என் நலத்தை ஆய்வகமே உறுதி செய்திருக்கிறது.

திங்களன்று சிப்காட்டில் என் ஆபீசுக்கு ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. பிரித்ததும் வெளிறிய மாவு சட்டை, மீசையெல்லாம் கொட்டியது. போன மாதம் வந்த மிரட்டல் கடிதத்துக்குப் பிறகு எங்கள் செக்யூரிட்டி ஆபீசர் கதிரவன், கிருமி கண்டுபிடிக்கும் அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு ஆசையோடு காத்திருந்தவர், ஓடிவந்து மாவைக் கரைத்துச் சொட்டு விட்டார். கால் மணி நேரத்தில் இரண்டு கோடு. "ஆந்த்ராக்ஸ்! யாரும் கிட்ட வராதீங்க!" என்று கத்தினார். என்னைச் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, ஆஸ்பத்திரியில் தனி அறையில் அடைத்துவிட்டார்கள். மாவு சிதம்பரத்துக்குப் பரிசோதனைக்குப் போனது.

முடிந்தது கதை என்று நினைத்து வீட்டுக்குப் போன் போட்டேன். வெண்மதி ஓசூரில் கிடைத்த வேலைக்குப் போகக்கூடாது என்று இரண்டு மாதமாகப் பிடிவாதம் பிடித்தவன் நான். "போம்மா, நல்லா இரு" என்று சொல்லிவிட்டு அழுதேன். அவளும் அழுதாள்.

டாக்டர் பிரிசில்லா மாத்திரை கொடுத்தபடி, "அட்டை சந்தேகத்ததான் சொல்லும் சார். சில மாவுக்கும் தப்பா கோடு விழும். லேப்ல வளத்துப் பாத்தாதான் நெசம் தெரியும்" என்றார்.

"ஒரு கோடு வந்திருந்தா தப்பிச்சிருப்பனா?"

"அதயும் நம்ப முடியாது. கிருமி கம்மியா இருந்தா அட்டைக்குத் தெரியாது."

அப்புறம் எதற்கு அந்த அட்டை என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

நேற்று முடிவு வந்தது: கிருமி இல்லை, ஏதோ கொட்டையின் மாவு. அப்போதுதான் உங்கள் தங்கை, "அய்யோ, அண்ணன் பலாக்கொட்டை மாவு அனுப்புறேன்னுச்சே!" என்றாள். இரண்டு நாளாக என்னைப் பிடித்திருந்த பயம் அந்த நிமிடமே விட்டது, கோபம்கூட வரவில்லை. கொடுத்த வாக்கை மாற்றலாமா என்று வெண்மதியைப் பார்த்தேன். "நெகட்டிவ் வந்தாலும் நீங்க சொன்னது சொன்னதுதாம்பா" என்றாள். திங்கட்கிழமை ஓசூர் போகிறாள். எனக்கும் நிம்மதிதான்.

மச்சான், இனி வெள்ளையாக உதிரும் எதையும் தபாலில் அனுப்பாதீர்கள். படித்தவர் செய்யும் காரியமா அது? அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் திருவந்திபுரம் பெருமாள் துணையிருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
திருநாவுக்கரசு

பி.கு. (உறையின் மேல்): வேர்வையில் தாள் ஒட்டுகிறது என்று உறைக்குள் முகப் பவுடர் கொஞ்சம் தாராளமாகவே தூவிவிட்டேன். ஒட்டிய பிறகுதான் உறைத்தது. தெருவில் வைத்துப் பிரிக்க வேண்டாம்.