நான்கு நாள் பணக்காரனும் ஒரு ரெண்டு ரூபாயும்

நான் நான்கு நாட்கள் பணக்காரனாக இருந்திருக்கிறேன். ஐந்தாம் நாள் காலையில் அது முடிந்துபோனது.

அப்போது கப்பலூரில் முலாம் பூசும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. இரும்புச் சாமான்களை ஆசிட் தொட்டியில் முக்கித் துரு எடுக்க வேண்டும். ஒருநாள் தொட்டியோரம் பெருக்கும்போது ஒரு ரெண்டு ரூபாய் கிடைத்தது. அப்பளம்போல மெலிந்து, எழுத்தெல்லாம் மங்கலாக இருந்தது. அச்சடித்தபோது பிழையான காசுகள் லட்சக்கணக்கில் விலைபோகும் என்று போனில் பார்த்த வீடியோ ஒன்றில் யாரோ ஒருவர் சொல்லியிருந்தார். (அவர் முகம்கூட அதில் தெரியவில்லை. நம்பினேன்.)

"வித்துட்டு வந்து பேசுங்க" என்றாள் என் மனைவி செல்வி. எனக்கு அம்புட்டுப் பொறுமை ஏது? ஐந்தாம் நாள் காலையில் ராஜினாமாக் கடிதத்தை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு (இரண்டு பக்கம், நிர்வாகத்துக்கு அறிவுரைகளோடு) காளவாசலில் பழைய நாணயம் வாங்கும் கடைக்குப் போனேன்.

கடைக்கார அக்கா லென்ஸ் வைத்துப் பார்த்தார். நல்ல ரெண்டு ரூபாய் ஒன்றை எடுத்து இரண்டையும் எடை போட்டார்.

"அண்ணே, அடிக்கும்போது தப்பாயிருந்தா படம் ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கும், இல்ல ஒரு ஓரம் விழாமப் போயிருக்கும். விழுந்த எடம் தெளிவாத்தான் இருக்கும். இது ரெண்டு பக்கமும், விளிம்பும் ஒண்ணுபோலக் கரைஞ்சிருக்கு. எடையும் கொறையுது. ஆசிட்ல கெடந்த காசு. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்து, "பாத்துப் போங்கண்ணே" என்றார்.

பைக்கை விரட்டிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். மேனேஜர் என் கடிதத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏய்யா, எம்புட்டு நேரமாப் பாக்குறேன், கோழி கிண்டுன மாதிரி இருக்கு. லீவா கேட்டிருக்க?"

"ஆமா சார். ஒரு நாள்."

"அதுக்கு ரெண்டு பக்கமா? லீவெல்லாம் இல்ல. போய் வேலையப் பாரு."

என் கையெழுத்துக்காக என்னை அடித்த வாத்தியார்களையெல்லாம் மனதுக்குள் மன்னித்தேன். அன்றைக்கு அந்த ஆசிட் நெடிகூட மல்லிகைப்பூவாக மணந்தது.

போன மாதம் வாடிப்பட்டியில் செல்வியின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் செல்வி இந்தக் காசுக் கதையைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தாள். என் மைத்துனர் என்னை மாப்பிள்ளை வீட்டாரிடம் அறிமுகப்படுத்தினார்.

"எங்க மச்சான். ரொம்ப நாணயமானவர்."

எங்கள் சொந்தக்காரர்கள் வரிசை மொத்தமும் குலுங்கிச் சிரித்தது. எதற்கென்று தெரியாமல் மாப்பிள்ளையின் அப்பா மரியாதையாக எழுந்து என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.