மாநாட்டு விருந்தாளியைக் கடத்திச் சென்ற கதை

ஓர் ஊருக்குப் பெரிய மண்டபம் வரப்போகிறதென்றால் முதலில் பைத்தியம் பிடிப்பது அதைக் கட்டுகிறவர்களுக்கல்ல, அதற்குப் பக்கத்தில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு. எனக்கு அப்படித்தான் பிடித்தது. (முன்பே கொஞ்சம் இருந்தது என்கிறாள் என் மனைவி பரீதா.)

யுத்தம் முடிந்து வீதிகள் திறந்திருந்த காலம். எங்கும் இறங்கிப் பையைத் திறந்து காட்டாமல், கொழும்பிலிருந்து ஒரே இருப்பில் கல்முனைக்கு வந்துவிடலாம் என்பதே பெரிய புதினமாக இருந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து எங்கள் கடலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தச் சூட்டில் எங்களுக்கும் ஒரு மாநாட்டு மண்டபம் கிடைத்தது. உள்ளே மெத்தை வைத்த கதிரைகள், குளிரூட்டி, தானாக விலகும் திரை எல்லாம் இருந்தன. மாநாட்டுக்கு வருகிறவர்கள் படுக்க மட்டும் ஊரில் இடமில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் தேநீர்க்கடை ஹனிபா காக்கா.

"கூட்டம் ரெண்டு நாள் எண்டு போட்டிரிக்கானுகள். ராவைக்கு எங்கடா படுக்கிற? அந்தக் கதிரையிலயா?" என்று கேட்டுவிட்டுத் தேநீரை ஆற்றத் தொடங்கினார்.

தேநீர் ஆறுவதற்குள் கடையில் இருந்த எல்லோரும் மனதுக்குள் ஆளுக்கொரு ஹோட்டல் கட்டி முடித்துவிட்டார்கள். ஒருவர் நெல் அடுக்கிய அறையைக் காலி செய்தார். இன்னொருவர் மாட்டுக் கொட்டிலுக்கு டைல்ஸ் பதித்தார். மாட்டுக்கு அந்த இடம் நன்றாகப் பிடித்துப்போய் வெளியேற மறுத்தது தனிக் கதை. நான் மட்டும் பின்தங்குவேனா?

எனக்கு ஒரேயொரு சிக்கல்தான். வீடு என்னுடையதல்ல. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்த்தான் குடியிருப்பான். வீடு பெண்ணின் சீதனம். அந்த வீட்டில் எனக்கென்று சொந்தமாக இருந்தவை நாலைந்து சாரன்களும் சவரம் எடுக்கிற கண்ணாடியும்தான். ஆகவே அனுமதி பரீதாவிடமிருந்து வரவேண்டும்.

"மேல ரெண்டு அறை சும்மா கிடக்கு புள்ள."

"சும்மா கிடக்கல. நான் கிடக்கன்."

"நீ கீழ படுக்கலாந்தானே?"

அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். "கடல் வந்தா?"

"கடல் என்ன சம்பளம் எடுக்கிற ஆளா, மாசத்துக்கொருக்கா வாறத்துக்கு?"

"பகிடி விடாதீங்க. வந்தா நான் எங்க ஏற?"

இந்த இடத்தில் நான் பகிடியைக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். சுனாமி வந்த காலையில் நான் கல்முனை பஜாரில் இருந்தேன். பரீதாவும் ராத்தா என்று அவள் கூப்பிடும் மூத்த சகோதரியும் கடற்கரைப் பக்கமிருந்த பழைய வீட்டில் இருந்தார்கள். கைக்குழந்தை சுமையாவோடு பரீதா பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டாள். ராத்தா ஏறவில்லை. பின்னேரம் நான் அந்த மொட்டைமாடியில் அவளைக் கண்டபோது அவள் பிள்ளையை மட்டும் என் கையில் தந்தாள். பிறகு புது வீடு கட்டும்போது சமையலறைக்குக் கதவு போடுவதற்கு முன்பே மாடி வேண்டும் என்றாள். கல்யாணத்துக்குப் போட்ட காப்புகள் மாடிப்படியாக மாறின. அன்றிலிருந்து அவள் கீழே படுத்ததே இல்லை.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் ஹோட்டல் கேட்டேன்.

"நான் இரிக்கன்தானே," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. "ஒன்ட கையப் புடிச்சி இழுத்திட்டு ஓடுவன். வேற ஒருத்தரயும் கிறுகிப் பாக்க மாட்டன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "என்னமோ செய்யுங்க," என்று சொல்லிப் பாயையும் தலையணையையும் கீழே கொண்டுவந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் 'என்னமோ செய்யுங்க' என்றால் செய்யக்கூடாது என்று பொருள். எனக்கு அப்போது ஹோட்டல் தவிர எதுவும் விளங்கவில்லை.

இரண்டு அறைகளையும் பலகை அடித்து நான்காக்கினேன். பலகை எவ்வளவு மெல்லிசு என்றால், ஒரு அறையில் யாராவது தும்மினால் மற்ற மூன்றிலிருந்தும் நலம் வேண்டும் துஆ கேட்கும். நாலு பேர் குளிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று மொட்டைமாடியில் ஒரு பெரிய கறுப்புத் தாங்கியும் வைத்தேன். அதைத் தூக்கி வைக்கிற கல்மேடையை மேசன் கட்டவில்லை. மிச்சக் கல்லை வைத்து நானே கட்டினேன். கட்டி முடித்துத் தட்டியும் பார்த்தேன். (தட்டினபோதே ஆடியது என்கிறாள் பரீதா. அது காற்று.)

மண்டபத்தின் முதல் மாநாடு அனர்த்த முகாமைத்துவம், அதாவது பேரழிவுகளைச் சமாளிப்பது பற்றியது. எனக்குக் கிடைத்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் கொழும்பு இளைஞர்கள். மூன்றாமவர் பெரேரா மாத்தயா (மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா). தெற்குக் கடற்கரையிலுள்ள காலி நகரத்துச் சிங்களவர், நல்ல பருமன், திருகோணமலையில் வேலை பார்த்துப் பழகிய தமிழ். மறுநாள் காலை பத்து மணிக்கு அவருடைய பேச்சு. தலைப்பு: திடீர் ஆபத்தில் நிதானம் இழக்காமல் இருப்பது எப்படி.

அன்றிரவு பரீதா கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கடல் இரைகிறபோதெல்லாம் தலையைத் தூக்கிக் கேட்டாள். நான் தூங்குவதுபோலக் கிடந்தேன்.

விடிந்தது. சுமையா பள்ளிக்கூடம் போய்விட்டாள். இளைஞர்கள் இருவரும் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். நான் கீழே இடியப்பத் தட்டோடு நின்றேன். பரீதா எனக்குப் பக்கத்தில் சொதிச் சட்டியோடு நின்றாள். மேல்மாடிக் குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது என்று சொல்லப் பெரேரா மாத்தயா பாதிச் சவரத்தோடு இறங்கி வந்தார். ஒரு கன்னம் சுத்தம். மறு கன்னத்தில் சவர்க்கார நுரை. தோளில் துவாய்.

இளைஞர்கள் குளித்து முடித்த தாங்கியை நிரப்ப நான்தான் மோட்டரைப் போட்டுவிட்டிருந்தேன். போட்டதை மறந்தும்விட்டேன்.

மேலே இடி விழுந்தாற்போல் ஒரு சத்தம். வீடு அதிர்ந்தது. அடுத்த கணம் மாடிப்படியால் தண்ணீர் சுருட்டிக்கொண்டு இறங்கியது. ஒரு செருப்பும் ஒரு வாளியும் அதில் மிதந்து வந்தன. வேறு ஊரில் என்றால் 'தாங்கி சரிஞ்சிட்டு' என்றிருப்பார்கள். எங்கள் கரையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அதற்கு ஒரே பெயர்தான்.

"கடல்! கடல்!" என்று கத்தினேன்.

இடியப்பத்தை வீசிவிட்டுப் பக்கவாட்டில் கையை நீட்டினேன். ஒரு கை அகப்பட்டது. இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். கை சொரசொரப்பாகத்தான் இருந்தது. சோறாக்கி உடுப்புத் துவைக்கிற கைதானே என்று நினைத்தேன். முடி இருந்ததும் தட்டுப்பட்டது. கடல் துரத்துகிற நேரத்தில் அதையெல்லாமா விசாரிப்பது?

திரும்பிப் பார்க்கவில்லை. கடல் வந்த நாளில் எங்கள் ஊர் படித்த பாடம் அது. திரும்பிப் பார்த்தவர்கள் பலர் வந்து சேரவில்லை.

எங்கள் ஊரில் மேற்கே ஓடுகிறவனை மறித்து யாரும் காரணம் கேட்பதில்லை, கூடச் சேர்ந்து ஓடுவார்கள். முதலில் ஹனிபா காக்கா தேநீர் வடியோடு ஓடிவந்தார். பிறகு சலூனில் இருந்தவர் கழுத்தில் கட்டிய துணியோடு வந்தார். பிரதான வீதியை அடையும்போது என் பின்னால் பாதித் தெரு வந்துகொண்டிருந்தது. மேற்கே வயல் பக்கத்துச் சவளக்கடை ஊருக்கு உர மூட்டை ஏற்றிய லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று அங்கே நின்றது. கையை இழுத்துக்கொண்டு பெட்டியில் ஏறினேன். கூட்டத்தைக் கண்ட சாரதி ஒன்றும் கேட்காமல் வண்டியை விட்டான். லேண்ட்மாஸ்டர் போகிற வேகத்துக்கு, கடல் உண்மையிலேயே வந்திருந்தால் எங்களை முந்திப்போய்ச் சவளக்கடையில் காத்திருக்கும்.

மூட்டைமேல் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக் கலிமா சொன்னேன். கையை விடவில்லை. நெல் வயல் காற்று முகத்தில் பட்டதும் எனக்குள் ஏதோ உடைந்தது.

"புள்ள," என்றேன் கண்ணைத் திறக்காமல். "நான் ஒரு விசரன். ஒன்னக் கீழ படுக்க வெச்சது என்ட பிழ. ராவு நீ முழிச்சிருந்தது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரிக் கிடந்தன். ஹோட்டலும் மண்ணும்! அந்த மாடி ஒனக்குத்தான். அண்டைக்குப் பின்னேரம் ஒன்ன அந்த மொட்டைமாடியில கண்டனே... அதுக்குப் புறகு அல்லாஹ்ட்ட எனக்கெண்டு நான் ஒண்டும் கேட்டதில்ல."

அந்தக் கை என் கையை மெதுவாக அழுத்தியது.

"அது மிச்சம் நல்ல விஷயம், ஐயா," என்றது ஒரு தடித்த குரல். "ஆனா நோனாவ, உங்கட மனிசிய, நாங்க விட்டுட்டு வந்த மாதிரி."

கண்ணைத் திறந்தேன். பெரேரா மாத்தயா. பாதி முகத்தில் நுரை காய்ந்திருந்தது. தோளில் துவாய் இன்னும் இருந்தது.

"நீங்க ஏன் ஓடி வந்தீங்க?" என்று கேட்டேன். (அறிவான கேள்வி!)

"நான் காலி, ஐயா. அங்கயும் அண்டைக்குக் கடல் வந்தது. கடல் எண்டு சொல்லி யாரும் கையப் பிடிச்சா, நான் ஓடுவேன்."

அதுவரை நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். அந்த நிமிடத்தை நினைத்தால் வராது. பரீதாவை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவள் ஏறுவதற்கு இருந்த ஒரே இடத்தை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, அவள் பிடிப்பதற்கு இருந்த ஒரே கையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். லேண்ட்மாஸ்டரிலிருந்து குதித்தேன். கிழக்கே, கடலை நோக்கி ஓடினேன். பின்னால் இன்னொரு காலடிச் சத்தம் கேட்டது. பெரேரா மாத்தயா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எதிரே வந்தவர்கள், "எங்கடா போறீங்க? விசரா?" என்று கத்தினார்கள்.

பிரதான வீதியில் தண்ணீர் இல்லை. எங்கள் தெருவிலும் இல்லை. நடுத்தெருவில் ஒரு மாடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் பரீதா விளக்குமாற்றால் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்.



"மோட்டர நிப்பாட்டிட்டன்," என்றாள் அவள். "தாங்கி சரிஞ்சிட்டு."

"நீ... நீ ஓடல்லியா?"

"நக்கிப் பாத்தன். உப்பில்ல." தண்ணீரை இன்னொரு தள்ளுத் தள்ளினாள். "கடல் மாடியாலயா வரும்? நீங்க எங்க போன?"

"சவளக்கடைப் பக்கம்."

"ஆரோட?"

குனிந்து பார்த்தேன். எங்கள் கைகள் இன்னும் கோத்தபடியே இருந்தன.

பரீதா முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிப்பு. சுனாமிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பெரேரா மாத்தயா கையை விடுவித்துக்கொண்டு, துவாயைச் சரிசெய்து, மேடையில் நிற்பவர்போல நிமிர்ந்தார்.

"நோனா, ஐயா ஒரு கதை சொன்னார். கேட்டது நான். ஆனா கதை உங்கட."

"மாத்தயா, அது தேவல்ல..." என்று நான் பாய்ந்தேன்.

அவர் நிறுத்தவில்லை. விசரன் என்றதிலிருந்து அல்லாஹ்விடம் ஒன்றும் கேட்டதில்லை என்றது வரை, ஒன்றையும் விடாமல், வரிசை தப்பாமல், தன் உடைந்த தமிழில் அப்படியே ஒப்புவித்தார். நான் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாடும் என்னைப் பார்த்தது.

பரீதாவின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. அவள் எழுந்து, ஏற்கெனவே கூட்டிய படியை மறுபடி கூட்டினாள். முகத்தைக் காட்டாமல், "இடியப்பம் கொஞ்சம் மிச்சமிரிக்கி. ரெண்டு பேரும் திண்டுட்டுப் போங்க," என்றாள்.

பெரேரா மாத்தயா அரை முகச் சவரத்தோடு மேடை ஏறி, தன் தலைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, காலையில் நடந்ததைச் சொன்னாராம். கூட்டம் சிரித்த சிரிப்பில் குளிரூட்டிச் சத்தமே கேட்கவில்லை என்றார் ஹனிபா காக்கா. நான் போகவில்லை. வீட்டில் பலகை கழற்றிக்கொண்டிருந்தேன். அன்றிரவு பரீதாவின் பாய் மேலே போனது. என் தலையணையும் கூடவே போனது. அதை நான் கொண்டுபோகவில்லை.

பிற்பாடு மண்டபத்தைச் சுற்றி உண்மையான ஹோட்டல்கள் எழும்பின, மேசன் கட்டியவை. என்னுடைய ஹோட்டலைப் பற்றி ஊர் மறந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான்.

எங்கள் வீட்டில் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததெல்லாம் இப்போது தொலைபேசியில் காலிக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. சென்ற வருடம் சுமையாவுக்கு ஒரு மாப்பிள்ளை பேசி வந்தது. "புடிச்சிரிக்கா மகள்?" என்று கேட்டேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் என் தொலைபேசி அடித்தது.

"ஐயா, பெரேரா கதைக்கிறேன். மகள் ஒரு கதை சொன்னா."

"என்னவாம்?"

"புடிச்சிருக்காம்."

நான் சாரன் நுனியால் கண்ணைத் துடைத்தேன். பரீதா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள்.

"மாத்தயா, வாப்பாக்கும் சந்தோசமாம். அழுறார். மகள்ட்டச் சொல்லிடுங்க," என்றாள்.

மகள் அடுத்த அறையில்தான் இருந்தாள்.